உப்பை யார் சொன்னது

இன்று ஆடிச் செவ்வாய். காலை பத்து மணிக்கு அரிசி மாவில் வெந்நீர் ஊற்றிக் கிளறினேன். பழக்கத்தில் கை உப்பு ஜாடிக்குப் போனது. மூடியைத் தொட்டதும் திரும்பி வந்துவிட்டது. உப்புச் சேராத மாவு ஆவியில் வேகும்போது ஒரு வாசனை வரும். மழையில் நனைந்த சுவர் வாசனை என்று நீ சொல்வாய். பச்சைக் குழந்தையின் உச்சந்தலை வாசனை என்று நான் சொல்வேன். இதற்காகவே ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். இன்று சண்டை போட ஆளில்லை. ஒன்பது பேர் உட்கார வேண்டிய சமையலறையில் நான் ஒருத்திதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இதை எழுதுவதே தப்பு என்று தெரியும். செவ்வாய் நோன்பை ஆண்கள் பார்க்கக் கூடாது, கேட்கக் கூடாது, அந்தக் கொழுக்கட்டையை வாயில் வைக்கக் கூடாது. கைக்குழந்தை ஆணாக இருந்தால் அதையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். எந்த ஆணாவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் இத்தோடு மூடி வைத்துவிட்டுப் போகலாம். போகமாட்டான், அதுவும் எனக்குத் தெரியும்.

நான் யாரையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கில், மதிய ஷிஃப்டில், கன்டெய்னர் சீல் சரிபார்க்கிற வேலையில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு வேறெப்படி புத்தி வரும்? எண் சரியாக இருக்கும், சீல் உடையாமல் இருக்கும், ஆனாலும் நான் கதவுக் கீலின் ஆணியைத் தட்டிப் பார்ப்பேன். சீலைத் தொடாமல் ஆணியைக் கழற்றித் திருடுகிறவர்கள் உண்டு. "உனக்குச் சாமியே நேர்ல வந்தாலும் ஐசி கேப்ப" என்று நீ கிண்டல் செய்வாய். அடையாள அட்டையைக் கேட்பேன்தான்.

அப்படிப்பட்ட நான் ஜாமீன் நின்றது உனக்கு மட்டும்தான். நீ அம்பாங்கிலிருந்து பண்டமாரானுக்கு, எங்கள் வரிசையில் கடைசி வீட்டுக்கு வந்தபோது இடைநிலைப்பள்ளியில் மதியப் பிரிவுக்குச் சரித்திரம் கற்பித்துக்கொண்டிருந்தாய். உங்கள் குடும்பத்தில் இந்த நோன்பே கிடையாது. உன்னைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டதும் எங்கள் நோன்பின் மூத்தவர், லெட்சுமி அக்கா, முகத்தைச் சுளித்தார். "படிச்சவ வேணாம். எழுதிடுவா" என்றார். அவ எழுதமாட்டா, நான் பொறுப்பு என்றேன். அன்றைக்கு உன் கையில் கொடுத்த மாவை நீ உருட்டத் தெரியாமல் உருட்டியதும், நாங்கள் செய்த வடிவங்களைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் நினைவிருக்கிறது. என்ன வடிவம் என்று மட்டும் இங்கே எழுதமாட்டேன்.

தமிழ்நாட்டுப் பக்கம் ஊரில் இந்த நோன்பை ஆண்கள் தூங்கிய பிறகு செய்வார்களாம். பண்டமாரானில் அது நடக்காது. துறைமுகத்து ஷிஃப்ட் வேலைக்காரர்கள் நிறைந்த இடத்தில் எல்லா ஆண்களும் ஒரே நேரத்தில் தூங்குகிற ராத்திரி ஏது? அதனால் காலை பத்து மணி, பகல் ஷிஃப்ட் ஆண்கள் வேலைக்குப் போய், ராத்திரி ஷிஃப்ட் ஆண்கள் அசந்து தூங்குகிற நேரம் என்று லெட்சுமி அக்காவே மாற்றி வைத்தார். நீ அதைக் கேட்டு நோட்டுப் புத்தகத்தைத் தேடினாய். நான் உன் கையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

அந்த நாட்களில்தான் உனக்குக் கிரேக்கத்துப் பெண்கள் மேலும் ரோமாபுரிப் பெண்கள் மேலும் பைத்தியம் பிடித்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய புத்தகம் விற்கிறவரிடம் வாங்கி வந்து, கிள்ளானுக்குத் திரும்புகிற கொமுட்டர் ரயிலில் எனக்குக் கதை சொல்வாய். ரோமில் ஒரு அம்மன் இருந்தாளாம். 'நல்லவள்' என்று மட்டும்தான் கூப்பிட வேண்டும். உண்மைப் பெயர் ஆண்கள் காதில் விழக் கூடாது. பெரிய அதிகாரி ஒருவர் வீட்டில் பூசை நடக்கும். வீட்டுக்காரரே வெளியே போய்விட வேண்டும். சுவரில் ஆண்களின் உருவப்படம் இருந்தால் அதையும் துணி போட்டு மூடிவிடுவார்களாம். பூசைக்கு வைன் உண்டு, ஆனால் வைன் என்று சொல்லமாட்டார்கள், பால் என்பார்கள். வைன் ஜாடிக்குத் தேன்சாடி என்று பெயர். நான் அதை முதலில் நம்பவில்லை. நீ பக்க எண்ணைக் காட்டினாய்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் சமையலறையில் மளிகைக்கடைக் காலண்டரைப் பார்த்தாய். அதில் கடை முதலாளி மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினாய். லெட்சுமி அக்கா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரியாத்தான் செஞ்ச" என்றார். அன்றிலிருந்து அது எங்கள் நோன்பின் விதியாகிவிட்டது. கைப்பேசியில் 'செவ்வாய் பால் இருக்கு' என்று நீ செய்தி அனுப்புவாய். "நம்ம ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு பாலு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டதைச் சொல்லி நாம் எத்தனை நாள் சிரித்தோம்.

நீ சொன்ன கதைகளில் எனக்கு மறக்காதது அந்தப் பூசைக்குள் பெண் வேஷம் போட்டு நுழைந்தவன் கதை. சேலை கட்டாத குறைதான், மற்றபடி வாத்தியம் வாசிக்கிற பெண்ணைப் போலவே வந்துவிட்டான். ஒரு வேலைக்காரப் பெண் ஏதோ கேட்க, இவன் பதில் சொல்ல, குரல் அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது. "வேஷத்தையெல்லாம் மாத்திக்கலாம்டி, குரல மாத்த முடியாது" என்றாய். சுபாங் ஜெயா நிலையத்தில் ரயில் நின்றிருந்தபோது சொன்னாய்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக்கடையின் மாடியில் வாசகர் கூட்டம் நடக்கும். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ அங்கே பேசினாய். ஏதென்ஸ் நகரத்துப் பெண்களின் திருவிழாவைப் பற்றிய பேச்சு. என் வீட்டுக்காரர் காரில் கொண்டுவந்து விட்டவர், இடியப்பம் சாப்பிட்டுவிட்டு மேலே வந்து எனக்குப் பின் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். பார்த்தால் பாதிக்கு மேல் ஆண்கள்.

நீ நன்றாகத்தான் பேசினாய். வீட்டு வாசலைத் தாண்டாத மனைவிமார் வருஷத்தில் மூன்று நாள் கூடாரம் போட்டுத் தனியாகத் தங்கிய கதை. தரையில் இலை பரப்பி உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தது, ஒருத்தியை ஒருத்தி கெட்ட வார்த்தையில் கிண்டல் செய்துகொண்டது, பள்ளத்தில் இறங்குகிறபோது பாம்பு விலகக் கைதட்டியது. மாவில் உருவங்கள் செய்தார்கள் என்றாய். பாம்பு வடிவம் என்றாய். இன்னொரு வடிவத்தைச் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்தாய். எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. இது ஏதென்ஸா, பண்டமாரானா?

கேள்வி நேரத்தில்தான் அது நடந்தது. யாரோ எதையோ கேட்டார்கள், கூட்டம் சிரித்தது, நீ சொன்னாய்: "ஏதென்ஸில் அந்த மாவில் உப்புப் போடமாட்டார்கள்." சொன்னதோடு நிற்காமல் என் பக்கம் கைகாட்டி, "இந்த அம்மாவும் ஏதென்ஸ்காரிதான்" என்றாய். மறுபடி சிரிப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

திரும்பும் வழியில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் நெரிசல். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே, "அந்த ஊர்லயும் உப்பு போடமாட்டாங்களாமே" என்றார். அந்த ஊர்லயும். அந்த ஒரு 'யும்' என் நெஞ்சில் தைத்தது. முப்பது வருஷமாக அவர் ஒரு கேள்வி கேட்டதில்லை, நானும் ஒரு வார்த்தை விட்டதில்லை. இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியவைத்தது நீ.

வீட்டுக்குப் போனதும் உனக்குப் போன் போட்டேன். "உப்பு விஷயம் எந்தப் புத்தகத்துல இருக்கு? பக்கம் சொல்லு" என்றேன். "எங்கயோ படிச்சேன்டி" என்றாய். ஆதாரம் இல்லாத வார்த்தை வாயிலிருந்து வரக் கூடாது என்று பிள்ளைகளை ஒவ்வொரு வருஷமும் வறுத்தெடுத்த நீ, எதற்கெடுத்தாலும் பக்க எண் சொல்கிற நீ, எங்கேயோ படித்தேன் என்றாய். அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? எங்கள் நோன்பைக் கிரேக்க வேஷம் போட்டு ஆண்களிடம் விற்றுவிட்டாய் என்று முடிவு கட்டினேன்.

மூன்று வாரம் கழித்து மழையில், லோரியிலிருந்து இறங்கும்போது என் வீட்டுக்காரர் வழுக்கி விழுந்தார். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே தகடு வைத்தார்கள். அதன் பிறகு அவர் லோரி ஓட்டவில்லை. வாசலில் நிற்கும் மற்றவர்களின் லோரிகளைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் அவர் பெயருக்குத்தான் நோன்பு இருந்தவள். ஆண் காதில் விழுந்தால் நோன்பு பாழ், யாருக்காக இருந்தோமோ அவருக்கே ஆகாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள். வேறு எப்படி நினைப்பேன்?

அந்த வாரம் நீ ஹாருவான் என்கிற விரால் மீனில் சூப்பு வைத்து எடுத்துக்கொண்டு வந்தாய். புண் ஆறும் என்று காலையிலேயே பாசாருக்குப் போய் உயிர்மீன் வாங்கியிருந்தாய். நான் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "உன் வாய்தான்டி அவர் கால ஒடச்சுது" என்றேன். உன் முகம் மாறியதைப் பார்த்தேன். ஏதோ சொல்ல வந்தாய். சொல்லவில்லை. சூப்புக் கேரியரைக் கேட்டுக்கு மேலாக நீட்டினாய்.

"சரிடி. என் வாய்தான். அண்ணன இத குடிக்கச் சொல்லு. பயப்படாத, இதுல உப்பு போட்டிருக்கேன்."

அந்த நிலையிலும் குத்திக்காட்டுகிறாள் பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ உன் வீட்டுக்குள் நுழையும்வரை காத்திருந்து சூப்பை வாசல் சாக்கடையில் கொட்டினேன். கேரியரைக் கழுவி உன் கேட்டில் மாட்டிவிட்டு வந்தேன். பிறகு நீ நோன்புக்கு வரவில்லை. ஏன் என்று மற்றவர்கள் கேட்டபோது நான் சொல்லவில்லை. ஜாமீன் நின்றவள் நான்தானே. "டீச்சர் ஏன் வர்றதில்ல?" என்று என் வீட்டுக்காரர் கேட்டால், சும்மா என்பேன். நோன்பைப் பற்றிப் பேசாமல் அந்தச் சண்டையை அவருக்கு எப்படிச் சொல்வது?

இரண்டு வருஷம் ஒரே வரிசையில் இருந்துகொண்டு பேசாமல் இருந்தோம். போன மாசியில், குளித்துவிட்டு வந்தவள் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டாய் என்றார்கள். வந்தேன், உன் காலடியில் நின்றேன், அழவில்லை. 'எங்கயோ படிச்சேன்' என்றவளை மன்னிக்க என்னால் முடியவில்லை. அப்படி ஒரு கல் மனசு.

வைகாசியில் வாசகர் கூட்டத்துச் செயலாளர் கூப்பிட்டார். "அக்கா, டீச்சரோட பேச்ச சின்னப் புத்தகமா போடப் போறோம். அவங்க தம்பி குறிப்பெல்லாம் கொடுத்துட்டாரு. கூட்டத்துல போன்ல பதிவு பண்ணதும் இருக்கு. ரெண்டையும் ஒப்பிட்டு நீங்கதான் செக் பண்ணணும் லா. ஒங்கள விட்டா யாரு?" என்றார். சரி என்றேன். பாசத்தினால் இல்லை. உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று இருந்தது.

உறை வந்ததும் ஒட்டிய நாடாவைச் சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் பிரித்தேன். கிடங்கில் செய்வதைப் போலவே ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். இலைப் படுக்கை, இருக்கிறது. பட்டினி, இருக்கிறது. பாம்பு, கைதட்டல், இருக்கிறது. மாவு உருவங்களும் இருந்தன, அந்த இரண்டாவது வடிவம் உட்பட. பல நூற்றாண்டு கழித்து யாரோ ஒருவன் ஏட்டின் ஓரத்தில் எழுதிவைத்த குறிப்பு என்று நீ நகல் தாளில் கோடு போட்டிருந்தாய். அதை நீ எங்களிடமிருந்து எடுக்கவில்லை. அது அங்கேயே இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

உப்பு மட்டும் இல்லை. மூன்று தரம் தேடினேன். கடைசித் தாளின் ஓரத்தில், பென்சிலில், உன் கையெழுத்து: 'உப்பு. ஆதாரம் இல்லை. தெரிந்தே சொன்னது.'

ஒத்துக்கொண்டுவிட்டாய். எனக்கு எவ்வளவு திருப்தி தெரியுமா? எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். நான் நினைத்தது சரி, என் மூக்கு பொய் சொல்லாது என்று சமையலறையில் தனியாகத் தலையாட்டிக்கொண்டேன். வேலையை முடித்துவிடலாம் என்று பதிவைப் போட்டேன்.

உன் குரல் கேட்டது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு. கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்தது. ஒரு ஆண் கேட்டார்: "அந்த மாவு உருவத்தையெல்லாம் அப்புறம் சாப்பிடமாட்டாங்களாம்மா?" "தெரியவில்லை" என்றாய் நீ. உடனே, போனுக்கு மிகப் பக்கத்தில், ஒரு பெண் குரல்:

"உப்பில்லாத கொழுக்கட்டைய எந்த ஆம்பள தின்னுவான்? நாமதான் தின்னு தீர்க்கணும்."

சிரிப்பு. அந்தக் குரல் யாருடையது என்று எனக்கு ஒரு கணம் புரியவே இல்லை. கொரகொரப்பான, அடித்துப் பேசுகிற குரல். நன்றாகப் பரிச்சயமான குரல். என் குரல்.

சிரிப்பு அடங்குவதற்குள் நீ பேச ஆரம்பித்திருந்தாய், வழக்கத்தைவிட வேகமாக. "சரியாகச் சொன்னார். போன வாரம் நான் இவருக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். ஏதென்ஸில் அந்த மாவில் உப்புப் போடமாட்டார்கள். 'நாம' என்று சொல்கிறார் பாருங்கள், என்னோடு சேர்ந்து சேர்ந்து இந்த அம்மாவும் ஏதென்ஸ்காரிதான்."

சொன்ன நினைவே இல்லாமல் நான் கொட்டியதை நீ அள்ளி ஏதென்ஸில் ஒளித்து வைத்தாய். ஒரு பொய் சொல்லத் தெரியாதவள், நாற்பது பேர் முன்னால், எனக்காக, ஒரு நொடியில் சொன்னாய். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லியிருந்தால் அவர் கால் உடைந்த பழியை நான் என் தலையிலேயே போட்டுக்கொண்டிருப்பேன் என்று உனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் என் வாய்தான் என்றாய். அன்று உன் காலடியில் வராத அழுகையெல்லாம் எனக்குச் சேர்த்து வந்தது.

வாசல் நாற்காலியில் இருந்த அவரிடம் போய்க் கேட்டேன். "அன்னிக்கு பிரிக்ஃபீல்ட்ஸ்ல உப்பு பத்தி மொதல்ல யாரு சொன்னது?"

"நீதான். நான் பின்னாலதான ஒக்காந்திருந்தேன்" என்றார். "டீச்சர் பாவம், எப்படியோ சமாளிச்சாங்க."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல. அது பொம்பளைங்க விஷயம், நான் எதுக்கு வாயத் தொறக்கணும்?" என்றார். "மழையில, டயர் வாரிப்போட்ட மண்ணுல காலு வழுக்குச்சு. அதுக்கும் கொழுக்கட்டைக்கும் என்னா சம்பந்தம்?" என்றும் கேட்டார். இவருக்கு எவ்வளவுதான் தெரியும் என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான்.

புத்தகத்துக்கான தாளில் அந்த வரி வந்த இடத்தில் நான் எழுதிக் கொடுத்தேன்: ஏதென்ஸில் உப்புப் போடவில்லை என்பதற்கு ஆதாரம் கிடையாது, அந்தப் பேச்சைக் கூட்டத்தில் எடுத்தது பேச்சாளர் இல்லை, நான், எங்கள் வீட்டுப் பழக்கத்தை வாய் தவறிச் சொன்னது. கீழே என் பெயரையும் போட்டேன். உன் பெயரில் ஒரு பொய் அச்சாகி நிற்கக் கூடாது. லெட்சுமி அக்காவிடமும் நானே போய்ச் சொன்னேன். "படிச்சவ எழுதிடுவான்னு பயந்தேன். படிக்காதவ எழுதிட்ட" என்றார். "இனிமே நீ தனியா செஞ்சுக்கோ." போன வாரம் புத்தகம் வந்தது. அதனால்தான் இன்று சமையலறையில் நான் ஒருத்தி.

அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி என்பார்கள். தையில் கூப்பிடுவார்களா, தெரியாது. கூப்பிடாவிட்டாலும் நான் விடமாட்டேன். அவர் கேட்காமலே டீக்கடைக்குக் கிளம்பிப் போன பிறகு, காலண்டரைத் திருப்பி மாட்டிவிட்டுத்தான் இன்றைக்கும் மாவைத் தொட்டேன். உனக்கு என்று ஒன்று உருட்டி வைத்தேன், நீ முதல் நாள் உருட்டியதைப் போலவே கோணலாக. பிறகு எல்லாவற்றையும் நானே தின்று தீர்த்தேன்.

யாரையாவது சந்தேகப்படும்போது இப்போதெல்லாம் முதலில் என் குரல் காதில் கேட்கிறது. அதற்கப்புறம்தான் மற்றவர்களுடையதைக் கேட்கிறேன். அது உன்னிடமிருந்து வந்தது.

நோன்பை முடித்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, காலையில் வாங்கி வைத்திருந்த ஹாருவான் மீனை எடுத்தேன். நீ செய்கிறமாதிரி இஞ்சியைத் தட்டிப் போட்டுச் சூப்பு வைத்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்கிறோம். நீ உப்பிட்டதை நான் நாக்கில்கூட வைத்துப் பார்க்கவில்லை. இன்று ஜாடியைத் திறந்து உப்புப் போட்டேன். அவருக்கு ஊற்றுவதற்கு முன்னால் முதல் கரண்டியை நான் குடித்தேன்.